விமானிக் கண்ணாடியும் கொழும்புத் தமிழரும்: அளவும் பாணியும் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் இலக்கிய வரலாறு பற்றியும் சமய வரலாறு பற்றியும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவர்தம் உடலோடு ஒட்டி நின்ற பயன்படு பொருள்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாதே கிடக்கின்றது. உடை பற்றியும் அணிகலன் பற்றியும் ஓரளவு பேசப்பட்டிருப்பினும், குடை, செருப்பு, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி ஆகியவை நமது ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன என்று கூறுவதற்கில்லை. இவை அற்பப் பொருள்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும். ஆயினும், ஒரு பொருள் எங்கே எத்தேவை கருதி ஆக்கப்பட்டது, எவ்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது, அதனை வாங்கியோர் எவற்றுக்கிடையே தெரிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர் என்னும் வினாக்களை எழுப்பும்போது, அற்பப் பொருளும் ஒரு காலகட்டத்தின் பொருளாதார உறவுகளைக் காட்டும் சான்றாகிவிடுகின்றது.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது கறுப்புக் கண்ணாடி. அதிலும் சிறப்பாக, துளி வடிவான இரு வில்லைகளையும் மெல்லிய உலோகச் சட்டகத்தையும் மூக்கின்மேல் இரட்டைக் குறுக்குக் கம்பியையும் உடையதாய், விமானிகளின் பெயரால் வழங்கும் வகை. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் இதனை வாங்கப் புகுவோர் இரு கேள்விகளையே கேட்பர்: எந்த அளவு, எந்தப் பாணி? இவை அழகு பற்றிய கேள்விகள் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் இக்கேள்விகளைக் கேட்கக்கூடிய நிலையே கொழும்புத் தமிழருக்கு மிகப் பிந்தித்தான் வாய்த்தது. கேட்கும் நிலை வாய்த்த பின்னரும், வெயிலில் நின்று உழைப்போருக்கு அது முழுமையாக வாய்க்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் பொருள்.

முதலிற் பெயரை நோக்குவோம். எழுத்திற் ‘கறுப்புக் கண்ணாடி’ என்கிறோம். பேச்சிற் ‘கூலிங் கிளாஸ்’ என்கிறோம். ஒன்று நிறத்தைச் சுட்டுகிறது. மற்றையது குளிர்ச்சியைச் சுட்டுகிறது. இரண்டுமே கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் குறித்த பெயர்கள். கண்ணுக்குத் தீங்கு விளைப்பதிற் பெரும்பங்கு வகிக்கும் கழியூதாக் கதிரோ புலப்படாதது. அது குறைக்கப்பட்டதா இல்லையா என்பதைக் கண்கொண்டு அறிய முடியாது. கறுப்பு மிகுந்தால் காப்பும் மிகும் என்ற தவறான நம்பிக்கையை இப்பெயர்கள் தோற்றுவிக்காவிடினும், அதற்கு இடமளித்தன என்பதில் ஐயமில்லை. இதனைப் பின்னர் விரிவாக நோக்க வேண்டியிருக்கும்.

நிறமூட்டிய வில்லைகள் பழமையானவை. எனினும் விமானிக் கண்ணாடி இருபதாம் நூற்றாண்டின் இராணுவத் தேவையிலே பிறந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் விமானங்கள் மேன்மேலும் உயரப் பறந்தன. முகில்களுக்கு மேலே தடையின்றி விழும் வெயிலும் கீழே முகிற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியும் விமானிகளின் கண்களைக் கூசச் செய்து தலைவலியை உண்டாக்கின. அதுகாறும் அவர்கள் அணிந்த காப்புக் கண்ணாடிகள் கனமானவை. எளிதில் ஆவி படிபவை. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரத்துப் பொஷ் அன்ட் லோம்ப் கம்பனி, வான்படையினரின் தேவையை முன்னிட்டு, பச்சை நிற வில்லை பொருந்திய இலேசான கண்ணாடியொன்றை ஆக்கிற்று. 1937 இல் அது ‘றே-பான்’ என்ற பெயருடன் பொதுச் சந்தைக்கும் வந்தது. கதிரைத் தடுப்பது என்பதே அப்பெயரின் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்கான விமானிக் கண்ணாடிகளை ஒரே இராணுவ விதிமுறைக்கு அமையப் பல கம்பனிகள் செய்து கொடுத்தன. 1944 ஒக்ரோபரிற் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு மீண்ட தளபதி மக்ஆதரின் படங்கள் இக்கண்ணாடியை உலகறியச் செய்தன.

துளி வடிவம் எவ்வாறு தோன்றிற்று என்பது கவனித்தற்குரியது. விமானி நேரே வானை நோக்குவது ஒரு பாதி. குனியாமலே கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் முன்னுள்ள கருவிப் பலகையை நோக்குவது மறுபாதி. கண் எத்திசையில் உருண்டாலும் வில்லையின் விளிம்பைத் தாண்டி ஒளி புகுதல் ஆகாது. எனவே வில்லை கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் இறங்கி, கண்குழி முழுவதையும் மூடும் அளவிற்குப் பெரிதாக்கப்பட்டது. பின்னர் வந்த மாற்றங்களும் இவ்வகையினவே. 1958 இல் அமெரிக்க வான்படை ஏற்றுக்கொண்ட கண்ணாடியில் வில்லைகள் சிறியனவாகவும் சற்றுச் சதுரமாகவும் அமைந்தன. கால்கள் வளையாது நேராக நின்றன. தலைக்கவசத்தைக் கழற்றாமலே செருகவும் எடுக்கவும் நேரான கால் வசதியானது. இன்று கடைகளிலே ‘பாணி’ என்று நம்முன் பரப்பப்படும் துளி வடிவு, சதுர வடிவு, வளைந்த கால், நேர்க்கால் ஆகிய யாவும் ஒரு காலத்தில் ஒவ்வொரு வேலைக்குரிய விடைகளாக இருந்தவை. வேலை மறக்கப்பட்டது, விடை அழகாக எஞ்சிற்று.

வானூர்தி யுத்தம் கொழும்புக்கு வந்த நாள் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. இரத்மலானையிலிருந்தும், ஓடுதளமாக மாற்றப்பட்டிருந்த கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை மக்கள் தம் தலைக்குமேல் நிகழ்ந்த வான்போரைக் கண்டனர். தொழிலாளர் பலர் நகரை விட்டு ஓடினர். பிரித்தானிய விமானிகள் அக்காலத்தே தலைக்கவசத்தோடு சேர்ந்த காப்புக் கண்ணாடிகளையே பெரிதும் அணிந்தனர். எனவே இக்கண்ணாடி போரோடு கொழும்பு மக்களின் முகத்தில் ஏறிற்று என்று கூறல் பொருந்தாது. போர் விட்டுச் சென்றது விமானி என்ற பிம்பம். அஞ்சாமை, வேகம், இயந்திரத் தேர்ச்சி என்பன அப்பிம்பத்தோடு இணைந்தன. இப்பிம்பத்துக்கு முகம் கொடுத்தது பின்னர் வந்த சினிமாவே.

தமிழ்ச் சினிமாவிற் கறுப்புக் கண்ணாடி இரு வேறு பணிகளை ஆற்றிற்று. ஒருபுறம் அது மாறுவேடம். கன்னத்தில் ஒரு மருவும் கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தால் கதாநாயகனைப் பெற்ற தாயும் அடையாளங் காணமாட்டாள் என்பது நமது திரையுலகின் எழுதாச் சட்டம்! மறுபுறம் அது செல்வத்தின் அடையாளம், வில்லனின் அணிகலன். கண்ணை மறைத்தவன் ஏதோ ஒன்றை மறைக்கிறான் என்ற பழைய ஐயம் இவ்விரண்டிலும் தொடர்கின்றது. இவ்வையத்தை மாற்றி, கண்ணாடியை மக்களின் நாயகனுக்குரியதாக்கிய பெருமை எம். ஜி. இராமச்சந்திரனையே சாரும். கண்டியிற் பிறந்தவர் என்பதால் ஈழத்து இரசிகர் அவரைத் தம்மவராகவே கொண்டனர். 1965 இல் அவர் சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தமை இப்பற்றை மேலும் வளர்த்தது. பிற்காலத்தே வெண்ணிறத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவரது திருவுருவத்தின் பிரிக்கமுடியாத கூறுகளாயின. 1987 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவ்விரண்டோடுமே அவரது உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவருடைய கண்ணாடி வில்லைகள் பெரியவையாயினும் விமானி வகையின் துளி வடிவத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றியவையல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலும் ஏனைய கொழும்புத் தியேட்டர்களிலும் அவரைக் கண்ட இளைஞர் வேண்டியது குறிப்பிட்ட ஓர் அளவையோ வடிவையோ அன்று. அவர்கள் வேண்டியது கறுப்பு. அவ்வளவே. 1980 இல் ரஜினிகாந்தின் ‘பில்லா’ வந்த பின்னரே சட்டகத்தின் வடிவு, கழற்றும் விதம், மாட்டும் விதம் ஆகியவை தனியே கவனிக்கப்படலாயின எனலாம்.

இதே காலத்துத் தமிழக அரசியலில் மற்றொரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. கலைஞர் கருணாநிதி அதனை அணிந்தது விபத்தொன்றிற் கண்ணிற் பட்ட காயத்தாலும் அதனைத் தொடர்ந்த சிகிச்சைகளாலுமாகும். மருத்துவத் தேவை காலப்போக்கிற் சின்னமாயிற்று. 2017 இல், 46 ஆண்டுகளாக அவர் அணிந்து வந்த கனத்த சட்டகத்திற்குப் பதிலாக இலேசான ஜேர்மன் தயாரிப்பொன்று அவருக்குப் பொருத்தப்பட்டது பத்திரிகைகளில் முக்கிய செய்தியாக வந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவரின் முகத்துக்கும் கண்ணுக்கும் ஏற்ற சட்டகத்தைத் தேடுவதற்கு நாற்பது நாட்கள் செலவிடப்பட்டதாகவும் அச்செய்திகள் கூறின. எடை, அளவு, ஒளி ஆகிய மூன்றையும் கருதிச் செய்யப்பட்ட தெரிவு என்பதாலேயே இது இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றது. அதே நாளிற் சென்னையிலோ கொழும்பிலோ வீதியிற் கல்லுடைத்த ஒருவனுக்கு நாற்பது நிமிடமும் கிடைத்திராது.

இனி இலங்கையின் பொருளாதாரச் சூழலுக்கு வருவோம். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960 களின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. 1968 இல் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டம் வந்தது. அத்தியாவசியமற்றவை எனக் கருதப்பட்ட பொருள்களுக்கு அது விலையை ஏற்றியது. 1970 இன் பின் கட்டுப்பாடுகள் மேலும் கடுமையாயின. அரிசிக்கும் துணிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற ஒரு நாட்டில், கறுப்புக் கண்ணாடி ஆடம்பரப் பட்டியலிற் சேர்ந்தது இயல்பே. அக்காலக் கொள்கையின் நோக்கத்தை நாம் எளிதிற் புறந்தள்ளிவிடலாகாது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க அது முயன்றது. ஆனால் ‘ஆடம்பரம்’ எது என்பதை வகுத்தோர் வெயிலில் நின்றோரல்லர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

இறக்குமதி அடைபட்ட நாட்டிலே துறைமுகத்தை அண்டிய தெருக்கள் ஒரு தனிப் பங்கை வகிப்பது உலகெங்கும் காணப்படும் வழமை. கப்பலிற் சென்று மீள்பவனும் வெளிநாடு சென்று வருபவனும் கொண்டுவருவதே சந்தையாகிவிடும். அச்சந்தையில் வாங்குபவனுக்குத் தெரிவு இல்லை. கிடைத்தது ஒன்று, அதுவே அளவு, அதுவே பாணி. மூக்கு பெரிதாயின் சட்டகத்தை வளைத்துக்கொள்ள வேண்டும். முகம் சிறிதாயின் நழுவுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய திருமணப் படங்களிலும் சுற்றுலாப் படங்களிலும் கன்னத்தின் நடுப்பாதி வரை இறங்கி நிற்கும் கண்ணாடிகளைக் கண்டு இன்று நகைப்போர் உளர். அந்நகைப்பு பொருளாதார வரலாற்றை அறியாமையின் விளைவு.

1977 நவம்பரிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கட்டுப்பாடுகள் பெருமளவு நீங்கின. புறக்கோட்டையிலும் காலி வீதியிலும் வெளிநாட்டுப் பொருள்கள் குவிந்தன. அதே ஆண்டுகளில் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்லும் போக்கும் வலுப்பெற்றது. பாலைவன வெயிலிற் கட்டடத் தொழில் செய்தோர் விடுமுறையில் மீண்டபோது அணிந்துவந்த கறுப்புக் கண்ணாடியை ஊரார் பகட்டு என்றனர். அவர்களிற் பலருக்கு அது வேலைத்தலத்துப் பழக்கமாயிருந்திருத்தல் கூடும் என்பதை எவரும் எண்ணினாரல்லர்.

திறந்த பொருளாதாரத்தின் ஆறாம் ஆண்டில், 1983 யூலையில், வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஹெந்தலையிற் குணரத்தினம் அவர்களின் விஜயா படப்பிடிப்பு நிலையமும் எரிந்தது. கண்ணாடி பற்றிய கட்டுரையில் இதற்கு இடமென்ன என்று வினவலாம். கண்ணாடி வாங்குபவனும் விற்பவனும் யார், எங்கிருந்து வாங்குகிறார்கள் என்பதையே அந்நிகழ்வு மாற்றிவிட்டது. கொழும்பைவிட்டுக் கடல் கடந்தோர் ஒருபுறம். வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டு அனுமதியை எதிர்பார்த்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் மாதக்கணக்கிற் காத்திருந்தோர் மறுபுறம். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினரின் பெட்டியில் வாசனைத் திரவியத்துக்கும் சொக்கிலேற்றுக்கும் அருகே ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. மாமா தம் முகத்துக்குப் பார்த்து வாங்கியதை மருமகன் அணிந்தான். அன்பு அளவை நோக்குவதில்லை. சந்தை திறந்த பின்னரும், வேறொருவர் செய்த தெரிவே நமது முகத்தில் அமர்ந்தது.

போர்க்காலக் கொழும்பிலே கறுப்புக் கண்ணாடிக்கு மற்றொரு பொருளும் ஏற்பட்டது. சோதனைச் சாவடிகளும் பொலிஸ் பதிவுகளும் அன்றாட வாழ்க்கையாகிவிட்ட நாட்களில், முகம் முழுவதும் தெரிய நிற்பது தமிழ் இளைஞனின் கடமையாயிற்று. அடையாள அட்டைப் படத்திற் கறுப்புக் கண்ணாடிக்கு இடமில்லை. அட்டையை நீட்டும்போதும் அதற்கு இடமிருக்கவில்லை. தன் கண்ணைக் காட்டாது பிறர் கண்ணைக் காணும் வாய்ப்பே இக்கண்ணாடி தரும் மறைமுக அதிகாரம். இரசம் பூசிய வில்லை அவ்வதிகாரத்தை முற்றாக்குகின்றது. எதிரில் நிற்பவன் அதிலே தன் முகத்தையே காண்கிறான். பாணி என்பது முகத்தின் வட்டம், சதுரம் பற்றிய விடயம் மாத்திரமே என்று கடைக்காரர் கூறும்போது இதையும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

இப்போது அளவுக்கு வருவோம். கண்ணாடியின் காலின் உட்புறத்தே சில இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 58, ஒரு சிறு சதுரம், 14, பின்னர் 135 என்று காணப்படுமாயின், முதலாவது ஒரு வில்லையின் அகலம். இரண்டாவது இரு வில்லைகளுக்கும் இடைப்பட்ட மூக்கிடைத் தூரம். மூன்றாவது காலின் நீளம். யாவும் மில்லிமீற்றர். றே-பான் விமானிக் கண்ணாடியின் வழமையான மூன்று அளவுகள் 55, 58, 62 என்பன. 58 நடுத்தரம்; கடைகளில் மிகுதியாகக் கிடைப்பதும் அதுவே. 55 இலிருந்து 62 க்கு ஏழு மில்லிமீற்றர் வேறுபாடுதானே என்று எண்ணிவிடலாகாது. வில்லைகள் இரண்டாதலின் வேறுபாடு இரட்டிக்கும். 55 இற் கண்ணாடியின் முகப்பு ஏறத்தாழ 124 மில்லிமீற்றர். 58 இல் 130. 62 இல் 138. கீல் அமைந்துள்ள விளிம்பு இதற்குப் புறம்பு. ஒருவர் தம் முகத்தை ஒரு நெற்றிப் பொட்டிலிருந்து மறு நெற்றிப் பொட்டுவரை அளந்து இத்தொகையோடு ஒப்பிட்டாற் பாதி ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும். சட்டகத்தின் புறவிளிம்பு முகத்தின் அகலத்தோடு ஒத்து நிற்க வேண்டும்; உள்ளே அழுந்தினாற் காலின் தடம் பொட்டிற் பதியும், வெளியே நீண்டாற் பக்கத்து ஒளி தடையின்றிப் புகும்.

வில்லையின் அகலத்தையும் மூக்கிடைத் தூரத்தையும் கூட்டினால் இரு வில்லை நடுக்களுக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். 58 உம் 14 உம் 72. வளர்ந்தோரின் இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சராசரி 63 மில்லிமீற்றர் அளவினது. அதாவது கண்மணி வில்லையின் நடுவிலன்றி ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர் மூக்குப் பக்கமாகவே நிற்கும். 62 இல் இது ஆறரையாகும். வெறும் நிற வில்லையாயின் இதனாற் பெருந்தீங்கில்லை. பார்வைக் குறைபாட்டுக்கான வலு வில்லையை அதே சட்டகத்தில் இடுவிப்போர், கண்மணித் தூரத்தை அளந்து வில்லையின் நடுவை இடம்மாற்றிப் பொருத்தச் சொல்லல் வேண்டும். வலு மிகுந்தோர்க்குப் பெரிய சட்டகம் உகந்ததன்று; வில்லையின் விளிம்பு தடித்துக் கண்ணாடி கனக்கும். அத்தகையோர் 55 ஐ நாடுதலே தகும் என்பது எனது கருத்து.

மூன்று அளவுகளிலும் மாறாதிருப்பது மூக்கிடைத் தூரம் ஒன்றே. எல்லாவற்றிலும் 14. முகத்தின் அகலம் மாறலாம், மூக்கு மாறாது என்ற கருதுகோள் அவ்விலக்கத்துள் உறைந்து கிடக்கிறது. அக்கருதுகோள் பிறந்த இடத்து மூக்குகள் உயர்ந்த தண்டு உடையவை. தாழ்ந்த மூக்குத்தண்டு உடையோர்க்கு அதே கண்ணாடி கன்னத்தின்மேல் அமரும். சிரிக்கும்போது கன்னம் வில்லையை மேலே தள்ளும். இமை மயிர் வில்லையிற் படும். பெரிய அளவை வாங்குவதால் இக்குறை தீராது, மேலும் வளரும். மூக்கின் இரு புறமும் அமரும் சிறு மெத்தைகளைச் சற்று உள்நோக்கி வளைப்பித்தலே இதற்கு வழி. விமானி வகையின் உலோகச் சட்டகத்தில் அம்மெத்தைகள் கம்பியில் நிற்பதால் ஒரு கைதேர்ந்த கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் அதனைச் செய்துவிடுவார். பிளாஸ்ரிக் சட்டகத்தில் அது இயலாது. தாழ்ந்த மூக்குத்தண்டுக்கெனத் தனிச் சட்டகங்களைக் கம்பனிகள் ஆக்கத் தொடங்கியது மிகப் பிந்தியே. ஆசியச் சந்தை பெரிது என்பதை அவை உணர்ந்த பின்னர் எனலாம்.

கொழும்பின் காலநிலையும் கருதத்தக்கது. ஈரமும் வியர்வையும் மிகுந்த இந்நகரிற் கடின பிளாஸ்ரிக் மெத்தை வழுக்கும். சிலிக்கன் மெத்தை பற்றிநிற்கும். கலப்பு உலோகத்திலுள்ள நிக்கல் வியர்வையோடு சேர்ந்து சிலரின் தோலிற் தடிப்பை உண்டாக்கும். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தையில் உப்புக்காற்று முலாம் பூசிய சட்டகத்தை விரைவிற் கறுக்கச் செய்யும். மலிவான முலாமாயின் ஓர் ஆண்டு தாங்குவதே அரிது. காலின் வளைவு சரியாகக் காதின் மேல்மடிப்பில் தொடங்க வேண்டும். 135 நீளம் போதாதோர் 140 ஐ நாடலாம்.

முகவடிவுக்கு ஏற்ற சட்டகம் என்று கடைகளிலே தொங்கும் விளக்கப்படங்கள் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. வட்ட முகத்தார் சற்றுக் கோணமுள்ளதையும் சதுர முகத்தார் வளைந்ததையும் அணிந்தால் எடுப்பாக இருக்கும் என்பதே அவற்றின் சாரம். மேல்விளிம்பு புருவத்தை ஒட்டிச் செல்வது நன்று. இதற்கு மேற்பட்டதெல்லாம் விற்பனைப் பேச்சு.

வில்லையின் தன்மையே இவற்றுள் முதன்மையானது. நிற வில்லைகள் உட்புகவிடும் ஒளியின் அளவுக்கேற்ப 0 முதல் 4 வரை ஐந்து வகையாகச் சர்வதேச நியமத்திற் பிரிக்கப்படும். மூன்றாம் வகை நூற்றுக்கு 8 முதல் 18 வரையான ஒளியை விடும். நமது வெயிலுக்கு ஏற்றது இதுவே. 1953 இல் வந்த புகழ்பெற்ற சாம்பற்பச்சை வில்லை நூற்றுக்கு 15 விடுவதாகலின் இவ்வகையுள் அடங்கும். நான்காம் வகை மிகக் கறுப்பு. வாகனம் ஓட்டுதற்கு ஆகாது. மேலே கறுத்தும் கீழே வெளுத்தும் அமையும் வில்லை, கருவிப் பலகையைக் காணும் பொருட்டு விமானிக்கென ஆக்கப்பட்டது. முச்சக்கர வண்டி ஓட்டுநருக்கும் அது பொருந்தும். முனைவாக்கிய வில்லை கடற்பரப்பின் தெறிப்பொளியை அகற்றுவதில் இணையற்றது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் பல மேற்கே கடலை நோக்கி இறங்குவன. மாலை நாலரைக்குப் பின் அவ்வழியே நடப்போர் இதன் அருமையை அறிவர். ஆனால் இலத்திரனியல் திரைகள் இவ்வில்லையினூடே கறுத்துத் தோன்றக்கூடும். அதனால் விமானிகளுக்கு இது விலக்கப்படுகிறது. விமானியின் பெயரால் விற்கப்படும் முனைவாக்கிய கண்ணாடியை விமானி அணிவதில்லை என்பது சுவையான முரண்.

நிறத்தின் கறுப்பும் கழியூதாக் காப்பும் வெவ்வேறு. கண்ணின் கதிராளி ஒளிமிகுந்தாற் சுருங்கிக் கண்மணியை ஒடுக்கும். ஒளி குன்றினால் விரிந்து அதனை அகலத் திறக்கும். கறுத்த வில்லையின் பின்னே கண்மணி அகலத் திறந்திருக்கும். அவ்வில்லை கழியூதாக் கதிரைத் தடுக்காததாயின், வெறுங்கண்ணுக்குக் கிடைக்கும் இயற்கைக் காப்பையும் அது கெடுத்துவிடுகிறது. கண்புரைக்கும், வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதைக்கும் நீண்டகால வெயில் ஒரு காரணி என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. 1906 இல் திறக்கப்பட்ட விக்ரோறியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை தொடக்கம் இந்நாட்டுக் கண் மருத்துவம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்புரையோடு போராடி வருகிறது. துறைமுகத்திற் பாரம் ஏற்றியோர், மீனவர், நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர், நடைபாதை வியாபாரிகள், வண்டி ஓட்டுநர் எனக் கொட்டாஞ்சேனையின் பெரும்பகுதி மக்கள் நாள் முழுவதும் வெயிலிற் கழிப்போர். தொழிலாளரைக் காக்க எழுந்த தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கொழும்பு குண்டுவீச்சைக் கண்ட அதே 1942 ஆம் ஆண்டுக்குரியது. இயந்திரத்தை ஆபத்து என்று அச்சட்டத்தை வகுத்தோர் கண்டனர். வெயிலை ஆபத்து என்று காணும் காலம் அன்று எந்நாட்டிலும் வந்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் ஒரு மணி நேரம் பறந்தவனின் கண்ணுக்காக ஒரு கம்பனியும் ஓர் இராணுவமும் சேர்ந்து சிந்தித்தன. கப்பற்றளத்தின் தகட்டிரும்பில் எட்டு மணி நேரம் நின்றவனின் கண்ணுக்காக எவரும் சிந்திக்கவில்லை. அவன் வாங்கியது நடைபாதையிற் கிடைத்ததை.

நடைபாதைக் கண்ணாடி யாவும் தீயன என்று கூறுவதும் நேர்மையாகாது. பொலிகாபனேற்று வில்லை இயல்பாகவே கழியூதாக் கதிரைப் பெருமளவு உறிஞ்சும். அதனாற் செய்த மலிவான கண்ணாடி விலையுயர்ந்த போலியை விடவும் மேலாயிருத்தல் கூடும். விலை இங்கே சான்றாகாது. பெயரும் சான்றாகாது, 1999 இல் இத்தாலிய லுக்சொட்டிக்கா நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னரும் உலகில் மிகுதியாகப் போலி செய்யப்படும் கண்ணாடிப் பெயர்களுள் றே-பான் ஒன்று. 2020 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மீண்டும் வந்ததும், 2022 நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு சரிந்ததும், மெய்யான பொருளைச் சாதாரண வருவாயுடையோரின் கைக்கு எட்டாத் தொலைவுக்குக் கொண்டு சென்றன.

புறக்கோட்டை நடைபாதையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தியிலும் இன்று விற்கப்படும் விமானிக் கண்ணாடிகளை எடுத்து நோக்கின், பலவற்றின் கால்களில் 58 உம் 14 உம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வில்லையின் மூலையில் ‘யு.வி. 400’ என்று ஒரு சிறு ஒட்டுத்தாளும் இருக்கும். இலக்கங்களைச் சரிபார்க்க ஓர் அடிமட்டம் போதும். ஒட்டுத்தாளைச் சரிபார்க்கும் சிறு கருவி காலி வீதியின் பெரிய கண்ணாடிக் கடைகள் பலவற்றில் மேசைமேல் இருக்கிறது. வில்லையை அதன் இடுக்கில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும். நடைபாதையில் வாங்கியதைக் கையிற் கொண்டு அக்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, இதனைச் சற்றுப் பார்த்துத் தாருங்கள் என்று கேட்பதற்குத் துறைமுகத் தொழிலாளிக்குக் கட்டணம் ஏதும் தடையன்று; அக்கதவே தடை.